முன்னங்கால் எடுத்த நாய் வீட்டுக்கு வந்திருக்கிறது, எப்படிப் பார்த்துக்கொள்வது?

தென்னந்தோப்பு (கொழிஞ்சாம்பாறை)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீரனுக்கு எட்டு வயது. லேப்ரடாரும் ராஜபாளையமும் கலந்தவன், 34 கிலோ. இடது முன்னங்காலில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே வீங்கி, நொண்ட ஆரம்பித்தான். எக்ஸ்ரேயில் எலும்பு அரித்துப்போயிருந்தது. ஊசி வைத்து எடுத்துச் சோதித்ததில் ஆஸ்டியோசார்கோமா, எலும்புப் புற்றுநோய் என்றார்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்ததால், காலைத் தோள்பட்டை எலும்போடு சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ரப்பர் விரிப்பின் மேல் நாலு எட்டு வைத்தான், நானே பார்த்தேன். வீட்டுக்கு வந்து ஹாலில் படுத்தவன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். எழ முயன்றால் வலது முன்னங்கால் டைல்ஸில் வழுக்கி வெளியே போகிறது, தாடை தரையில் இடிக்கிறது. அப்புறம் முயற்சியே செய்வதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து வெளிக்குப் போகவில்லை, சிறுநீர் மட்டும் போகிறான். ராத்திரியில் திடீரென்று வீல் என்று கத்துகிறான், ஒரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறான். தையலுக்குக் கீழ்முனையில் தண்ணீர்ப் பை போல மெத்தென்று ஒரு வீக்கம் வேறு.

மாத்திரைகள்: மெலோக்சிகாம் என்ற வலிமருந்து, காபாபென்டின், ஒரு ஆன்டிபயாடிக். மாமியார் வந்து பார்த்துவிட்டு "வாயில்லா ஜீவனை இப்படிப் பண்ணலாமா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார். எனக்கும் அழுகைதான் வருகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மெட்டுக்காரன் (கம்பம்)

அக்கா, முதலில் தரையைப் பாருங்கள், நாயை அப்புறம் பார்க்கலாம்.

எங்கள் கோம்பை நாய்க்குப் பின்னங்கால் போய் மூன்று வருடம் ஆகிறது (புற்றுநோய் இல்லை, லாரி). அவனும் இதேபோலத்தான் படுத்தே கிடந்தான். கால் இல்லாததால் இல்லை. எழுந்தால் விழுவோம் என்று தெரிந்துவிட்டதால். படுக்கையிலிருந்து தண்ணிக் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை ஒரு பாதை போட்டுக் கொடுத்தோம், அன்று சாயங்காலமே எழுந்து வந்தான்.

ரப்பர் அடிப்பாகம் உள்ள கயிற்று மிதியடி விரிப்புதான் நல்லது. சாக்கு, பழைய புடவை, போர்வை எல்லாம் டைல்ஸ் மேல் போட்டால் நாயோடு சேர்ந்து அதுவும் வழுக்கிக்கொண்டு போகும். பொள்ளாச்சி பக்கம்தானே இருக்கிறீர்கள், தென்னை நார் மில்லில் சொன்னால் நீளமாக வெட்டியே தருவார்கள்.

இன்னொன்று, உள்ளங்கால் மெத்தைகளுக்கு நடுவில் ரோமம் வளர்ந்திருக்கும். லேப்ரடார் கலப்பு என்றால் நிச்சயம் இருக்கும். அதைக் கத்தரித்து, நகத்தையும் வெட்டிவிடுங்கள். பிடிப்பு கிடைக்கும்.

ஊசிமருந்து (உடுமலை)

கால்நடை மருத்துவர்தான் நான். உங்கள் நாயைப் பார்க்காமல் மருந்தளவு எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதில் பயப்பட வேண்டியது குறைவு என்பதைச் சொல்லலாம்.

எழாமல் இருப்பதற்குத் தம்பி சொன்ன தரை ஒரு காரணம். மற்றொன்று காபாபென்டின். அது நரம்பு வலிக்கு நல்ல மருந்து, ஆனால் தூக்கமும் தள்ளாட்டமும் தரும். நான்கு காலில் நிற்கிற நாயே அதைச் சாப்பிட்டால் ஆடும். சில நாளில் உடம்பு பழகிவிடும். ரொம்பவும் மயங்கிக் கிடந்தால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார். நீங்களாக ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சிரப்பாக வாங்கினால் அதில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். அது நாய்க்கு விஷம்.

ராத்திரிக் கத்தல் பெரும்பாலும் வெட்டுப்பட்ட நரம்பிலிருந்து வருவது. இல்லாத கால் வலிப்பதாக மனிதர்கள் சொல்கிறார்களே, நாய்க்கும் அது இருப்பதாகவே நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பக்கத்துச் சதை துடிக்கும், திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கும், கத்தும். வாரங்கள் போகப்போகக் குறையும். கத்திய பிறகு மாத்திரை தேடாமல், கத்தினாலும் கத்தாவிட்டாலும் கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். கத்தல் கூடிக்கொண்டே போனால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மெலோக்சிகாம் சாப்பாட்டோடுதான். வாந்தி, கருப்பாக மலம், சாப்பாட்டில் சுத்தமாக வெறுப்பு, இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் நிறுத்திவிட்டு உடனே போன் செய்யுங்கள். அதோடு ஸ்டீராய்டு மாத்திரை எதுவும் சேரக்கூடாது. வீட்டில் இருக்கிற டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், பாராசிட்டமால் எதையும் "அரை மாத்திரைதானே" என்று கொடுத்துவிடாதீர்கள். வயிற்றில் புண்ணும் சிறுநீரகச் செயலிழப்பும் ஆகி வருகிற நாய்களில் பாதிப்பேர் பாசத்தால் வந்தவர்கள்தான்.

மலம் போகாதது: ஆபரேஷனுக்கு முன் பட்டினி, பிறகு வலிமருந்து, அப்புறம் குந்தி உட்காரத் தைரியம் இல்லாதது. மூன்று நான்கு நாள் ஆவது சகஜம். வேகவைத்த பரங்கிக்காய் கொஞ்சம் சாதத்தில் பிசைந்து கொடுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். சிறுநீர் போகிறான் என்பதுதான் முக்கியம். ஒரு நாள் முழுக்க அது வராமல் இருந்தால்தான் ஓட வேண்டும்.

மெத்தென்ற வீக்கம் நீர் கோத்தது. இவ்வளவு பெரிய சதைப் பகுதியை எடுத்த இடத்தில் வெற்றிடம் இருக்கும், அதில் நீர் சேர்ந்து ஈர்ப்பால் கீழே இறங்கும். சூடில்லாமல், சிவக்காமல், வலிக்காமல் இருந்தால் தானே வற்றும். முதல் இரண்டு மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ், அதற்கப்புறம் வெதுவெதுப்பான ஒத்தடம், ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து நிமிடம். அழுத்திப் பிதுக்கக் கூடாது. சீழ், நாற்றம், 103 டிகிரிக்கு மேல் ஜுரம் என்றால் காட்டுங்கள். நாயின் சாதாரண வெப்பமே 101 முதல் 102.5 வரை இருக்கும், தொட்டுப் பார்த்து ஜுரம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

தென்னந்தோப்பு

டாக்டர், நீங்கள் நல்லா இருக்கணும். வயிற்றுப் பக்கம் வரை ஊதா நிறமாக இருக்கிறது, அதுவும் சரிதானா? வீட்டில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தையல் மேல் பூசச் சொல்கிறார்கள்.

ஊசிமருந்து

ஊதா நிறம் ரத்தக்கட்டு, அதுவும் கீழே இறங்கித்தான் மறையும். தையல் மேல் மஞ்சள், எண்ணெய், திருநீறு எதுவும் வேண்டாம். உலர்ந்து இருப்பதுதான் அதற்கு மருந்து. கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பைக் கழற்றாதீர்கள், ஒரு ராத்திரி போதும் நக்கிப் பிரிக்க. தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள், அதுவரை குளிப்பாட்டலும் இல்லை.

களியக்காவிளைக்காரி (களியக்காவிளை)

கூம்பு போட்டால் சில நாய் சுவரில் முட்டிக்கொண்டே நிற்கும் பிள்ளை. கூடவே பனியனும் போடுங்கோ. வீட்டுக்காரரின் பழைய பருத்திப் பனியன், முதுகில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் காயமும் மூடும், ஈயும் உட்காராது. மழைக்காலத்தில் ஈதான் பெரிய சத்துரு. ஒரு சொட்டு நீர் கசிந்த இடத்தில் முட்டையிட்டுவிடும், மறுநாள் பார்த்தால் புழு நெளியும். தினமும் இரண்டு தடவை பனியனைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கோ. ஈரமானால் உடனே மாற்றணும்.

ஆரியங்காவு_பாதை (செங்கோட்டை)

எல்லாரும் வைத்தியம் சொல்கிறீர்கள், நான் வேறொன்று கேட்கிறேன். கோபப்பட வேண்டாம். இந்த நோய்க்கு ஆபரேஷன் செய்தாலும் பரவிவிடும் என்றுதானே சொல்கிறார்கள்? அப்படியிருக்க ஒரு முன்னங்காலை எடுத்து, இத்தனை வேதனையும் கொடுத்து, சில மாதம் கூட வைத்திருப்பது யாருக்காக? எங்கள் நாய்க்கு இதே நோய். ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்க வைத்துவிட்டோம். எனக்கு இன்றுவரை அதில் குற்ற உணர்ச்சி இல்லை.

மெட்டுக்காரன்

அண்ணே, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு இந்தக் கேள்வி எதற்கு?

களியக்காவிளைக்காரி

அவர் கேட்டதில் தப்பில்லை, கேட்ட நேரம்தான் தப்பு.

ஊசிமருந்து

கேட்கட்டும். பலர் மனதில் இருப்பதுதான், அந்த அம்மா வீட்டிலேயே மாமியார் கேட்டுவிட்டார்.

முதலில், காலை எடுப்பது இந்த நோயைக் குணப்படுத்த இல்லை. வலியை எடுக்க. உள்ளே எலும்பைத் தின்றுகொண்டிருக்கிற கட்டி தரும் வலிக்கு எந்த மாத்திரையும் கடைசிவரை தாங்காது. ஒரு நாள் வாசல்படி இறங்கும்போது அந்த எலும்பு தானாக முறியும். அந்த நாய்களை நான் மேசையில் பார்த்திருக்கிறேன். வீரன் நொண்டிய நாளிலிருந்தே அந்தக் காலில் பாரம் போடாமல் மூன்று காலில்தான் நடந்திருப்பான். அதனால்தான் பல நாய்கள் சீக்கிரம் பழகுகின்றன, பழக்கம் ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

பரவுவது உண்மை. கண்டுபிடிக்கும்போதே பத்தில் ஒன்பது நாய்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில் பரவியிருக்கும், எக்ஸ்ரேயில் தெரிவது மிகச் சில நாய்களுக்குத்தான். காலை மட்டும் எடுத்தால் பாதி நாய்கள் நான்கைந்து மாதம் தாண்டும். கூடவே கீமோ கொடுத்தால் அது சுமார் பத்து மாதம், ஒரு வருடம் வரை போகும். ஐந்தில் ஒரு நாய் இரண்டு வருடத்தைத் தாண்டுவதும் உண்டு. வீரன் எந்தக் கணக்கில் வருவான் என்று யாராலும் சொல்ல முடியாது.

செங்கோட்டை நண்பருக்கு: உங்கள் நாய்க்கு நுரையீரலில் ஏற்கனவே தெரிந்ததா, மற்ற கால்கள் எப்படி இருந்தன என்று எனக்குத் தெரியாது. மூட்டுத் தேய்ந்த 50 கிலோ நாய் என்றால் நானே கால் எடுக்கத் தயங்குவேன். தூங்க வைப்பதும் வைத்தியம்தான். ஆனால் அது எல்லா நாய்க்கும் ஒரே விடை இல்லை.

ஆரியங்காவு_பாதை

நுரையீரலில் இருந்தது டாக்டர். மூச்சு வாங்கினான். சரி, நான் இந்த அம்மாவைச் சொல்லவில்லை. வீரன் நன்றாக இருக்கட்டும்.

தென்னந்தோப்பு

வருத்தமில்லை அண்ணா.

ஒரு நல்ல செய்தி. பெரிய நாத்தனார் பையன் நார் மில்லிலிருந்து மிதியடிச் சுருள் கொண்டுவந்து போட்டான், ஹாலிலிருந்து சிட் அவுட் வரைக்கும். வீரன் அதை மோந்து பார்த்தான், எழுந்தான், நின்றான். தலையைத் தூக்கித் தாழ்த்தித் தத்தித் தத்தி சிட் அவுட் வரை போய், அங்கேயே நின்று தெருவைப் பார்த்துக் குரைத்தான். மலமும் போய்விட்டது, எல்லாரும் கை தட்டினோம். (பக்கத்து வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தார்.)

சந்தேகம் இதுதான். வாசலில் மூன்று படி இருக்கிறது. இறங்கும்போது எப்படிப் பிடிப்பது? துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கினால் முன்பக்கம் சரிகிறது.

மெட்டுக்காரன்

வயிற்றுத் துண்டு பின்னங்கால் போனதற்குத்தான் அக்கா, என் நாய்க்கு அதுதான். வீரனுக்கு நெஞ்சுப் பக்கம் தாங்க வேண்டும்.

ஊசிமருந்து

ஆமாம். நாயின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. இப்போது அதில் பெரும்பகுதி ஒரே காலில். அதனால் முன்னங்கால் போன நாய்க்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. படியில், காரிலிருந்து, கட்டிலிலிருந்து குதிக்கவே விடக்கூடாது.

முதுகில் கைப்பிடி வைத்த நெஞ்சுக் கச்சை (ஹார்னஸ்) வாங்குங்கள். தையல் பிரித்த பிறகு போடலாம். அதுவரை ஒருவர் நெஞ்சுக்கடியில் காயம் படாமல் கை கொடுத்து, இன்னொருவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கி இறக்குங்கள். கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி இழுப்பதை இனி மறந்துவிடுங்கள், ஒரு சுண்டு போதும் குப்புற விழ. நிரந்தரத்துக்கு, படி மேல் ஒரு சரிவுப் பலகை, அதன் மேல் அதே மிதியடி. சரிவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

சாப்பாட்டுக் கிண்ணத்தை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி வையுங்கள். தரையில் வைத்தால் குனியும்போது அதிகப் பாரம் அந்த ஒற்றைக் காலில் விழும். எங்கள் பக்கம் ஒருவர் பழைய இட்லிப் பானையைக் கவிழ்த்து அதன் மேல் வைத்தார், அது போதும்.

கணவாய்க்காற்று (வண்ணாமடை)

அக்கா, நாங்களும் உங்கள் பக்கத்து ஊர்தான். எங்கள் நாய்க்குக் கீமோ மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் போட்டோம், குதிரான் சுரங்கம் வந்த பிறகு திருச்சூர் ரோடு தேவலை. காரில் போகும்போது சீட்டில் உட்கார வைக்காதீர்கள், பிரேக் போட்டால் விழுந்துவிடும். பின்சீட்டுக்குக் கீழே இடைவெளியை அடைத்து மெத்தை போட்டுப் படுக்க வைக்கணும்.

இன்னொரு விஷயம் உண்ணி. நம் ஊரில் தென்னந்தோப்பில் ஒரு சுற்று சுற்றி வந்தால் காதுக்குள் நாலு உண்ணி இருக்கும். எங்கள் நாய்க்குக் கீமோ தொடங்கும் முன் ரத்தம் பார்த்தபோது தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைவாக இருந்தன. புற்றுநோயால் இல்லை, உண்ணிக் காய்ச்சலால். அதைச் சரிசெய்த பிறகுதான் கீமோவே தொடங்கினார்கள்.

தென்னந்தோப்பு

இது யாரும் சொல்லவே இல்லை! நன்றி தங்கச்சி. கார்போபிளாட்டின் என்ற மருந்து, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்று எழுதித் தந்திருக்கிறார்கள். முடி எல்லாம் கொட்டிவிடுமா?

ஊசிமருந்து

மனிதர்களுக்குக் கொட்டுவதுபோல பெரும்பாலான நாய்களுக்குக் கொட்டாது. மீசை முடி போகலாம், வழித்த இடத்தில் முடி வர நாளாகும். அவ்வளவுதான். அளவே அப்படித்தான் வைக்கிறோம், நாயை வாட்டியெடுப்பது நோக்கமில்லை. ஓரிரு நாள் சாப்பாடு குறையலாம், வாந்தி வரலாம், அதற்கு முன்கூட்டியே மாத்திரை உண்டு.

கவனிக்க வேண்டியது ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வாக்கில். அப்போதுதான் வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் சோர்ந்து படுத்து, 103-க்கு மேல் ஜுரம் அடித்தால் இரவென்று பார்க்காமல் போக வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் ரத்தம் பார்ப்பார்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடுவார்கள், அதற்குக் கலங்க வேண்டாம். தடுப்பூசி ஏதாவது பாக்கி இருந்தால், வெறிநாய் ஊசி முக்கியமாக, எப்போது போடுவது என்று கீமோ தருபவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஊசி போட்ட முதல் இரண்டு மூன்று நாள் அவன் சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து இருக்கும். கையுறை போட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது.

களியக்காவிளைக்காரி

வீரன் சேதி என்னாச்சு? ரொம்ப நாளாகக் காணோமே.

தென்னந்தோப்பு

மன்னியுங்கள், அலைச்சல். தையல் பிரித்தாயிற்று, நீர் முழுக்க வற்றிவிட்டது. முதல் கீமோவும் போட்டோம், அன்று மட்டும் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். ராத்திரிக் கத்தல் எப்போதாவதுதான்.

ஒன்று கவனித்தேன். முதலில் வலது முன்னங்காலை வலது பக்கமாகவே ஊன்றினான், அதனால் இடப்பக்கம் சாய்ந்தான். இப்போது அந்தக் காலை நெஞ்சுக்கு நேர் நடுவில் ஊன்றுகிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மெதுவாக நடப்பதுதான் அவனுக்குக் கஷ்டம், கொஞ்சம் வேகம் எடுத்தால் அழகாகப் போகிறான். காலையில் வெயில் ஏறும் முன் தோப்பு வரப்பில் கொஞ்ச தூரம், நடுவில் ஒரு உட்கார்தல், திரும்பி வருதல். தெருநாய்கள் இருப்பதால் கம்போடு என் மாமனார் கூடவே போகிறார். மாமியார் இப்போது அவனுக்கு மாட்டுக்கறி வேகவைக்கிறார், அதுவும் தனிப் பாத்திரத்தில். அவர் சுத்த சைவம்!

ஆரியங்காவு_பாதை

கேட்கவே சந்தோஷம். எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாமியார் கை சும்மா இருக்காது.

ஊசிமருந்து

சரியாகச் சொன்னார். விலா எலும்பு பார்வைக்குத் தெரியாமல், தடவினால் தட்டுப்பட வேண்டும், அதுதான் அளவு. மூன்று காலில் நிற்பவனுக்கு இரண்டு கிலோ கூடினால்கூட மீதியிருக்கிற தோளும் முழங்கையும் தாங்காது. மார்ச் ஏப்ரலில் பாலக்காட்டு வெயிலில் மதிய நடை வேண்டவே வேண்டாம். தத்தித் தத்திப் போவது அதிக உழைப்பு, சீக்கிரம் மூச்சு வாங்கும்.

நுரையீரல் எக்ஸ்ரே இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுங்கள். நடுவில் வறட்டு இருமலோ, மற்ற கால்கள் திடீரென்று தடித்து வீங்குவதோ தெரிந்தால் அதுவரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

தென்னந்தோப்பு

சரி டாக்டர், எழுதி ஒட்டிவைத்துவிட்டேன். மீன் கொடுக்கலாமா? மத்தி இப்போது மலிவாகக் கிடைக்கிறது.

களியக்காவிளைக்காரி

எங்க ஊரில் சாளை என்போம். தாராளமாகக் கொடுங்கோ, நடுமுள்ளை மட்டும் உருவிவிடணும்.

மெட்டுக்காரன்

குக்கரில் நன்றாக வேகவைத்தால் முள்ளே கரைந்துவிடும், உருவ வேண்டாம்.

களியக்காவிளைக்காரி

உங்க ஊர் குக்கரில் கரையும். 34 கிலோ நாய் மெல்லாமல் விழுங்கும் தம்பி, உருவிவிட்டுத்தான் கொடுக்கணும்.

ஊசிமருந்து

உருவிவிட்டே கொடுங்கள், வம்பு வேண்டாம். மத்தியில் ஒமேகா 3 கொழுப்பு நிறைய, மூட்டுக்கு நல்லது. வாரத்துக்கு இரண்டு தடவை, ஒரு வேளைக்கு இரண்டு மீன் போதும். உப்பு, மிளகாய், புளி இல்லாமல் வெறும் தண்ணீரில் வேகவையுங்கள். வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு கூடவே கூடாது, சிவப்பணுவை உடைக்கும், கீமோ நடக்கும்போது கேட்கவே வேண்டாம். மீன் கொடுக்கிற நாளில் கறியைக் குறைத்துவிடச் சொல்லுங்கள் மாமியாரிடம்.

தென்னந்தோப்பு

அதை நீங்களே அவரிடம் சொல்லுங்கள் டாக்டர். நான் சொன்னால் எடுபடாது.